ஆயாவுக்கு மணி எட்டு… அமெரிக்காவுக்கு என்ன மணி?

திருட்டில் எத்தனையோ வகை உண்டு. ஆனால், வருடா வருடம் தேதி குறித்து, முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அரசாங்கமே நடத்தும் திருட்டு ஒன்றுதான். மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் நள்ளிரவு தாண்டி மணி 1.59. அடுத்த நிமிடம் 2 மணி வர வேண்டும் அல்லவா? வராது. நேராக 3 மணி. நடுவில் இருந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்று யாரும் போலீஸில் புகார் கொடுப்பதில்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று அதைத் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வட்டி மட்டும் கிடையாது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டேலைட் சேவிங் டைம்’. அதாவது, பகல் வெளிச்சத்தைச் சேமிக்கும் நேரம். சேமிப்பு என்ற பெயர்தான் பெரியது. பாஸ்புக்கைப் பார்த்தவர் யாரும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான். கோடையில் அங்கே சூரியன் சீக்கிரமே உதித்துவிடும். ஜனங்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காலை வெளிச்சம் வீணாகிறதே, அதை மாலைக்குத் தள்ளினால் விளக்குச் செலவு மிச்சமாகுமே என்று ஒரு கணக்கு. ‘எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள்’ என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் முதலில் கடிகாரத்தை ஏமாற்றுவது, பிறகு கடிகாரத்தைக் காட்டி மனிதர்களை ஏமாற்றுவது. இடது மடியில் இருந்த பத்து ரூபாயை வலது மடிக்கு மாற்றிவிட்டு, ‘இன்றைக்குப் பத்து ரூபாய் மிச்சம்’ என்று மார்தட்டிக்கொள்வது போலத்தான்.

வெள்ளைக்காரர் ஊர் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்ட பிறகு, அந்த ஊர்க் கடிகாரம் நம் வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணை ஆற்றங்கரை ஊர். கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர். அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஓர் ஆயா. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்குவார். ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு. எட்டரைக்குப் பாயில் படுத்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஆயாவின் மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி என்றால் வீடியோ காலில் ஆறு வயதுப் பேத்தி வருவாள். வாரம் முழுக்க வரைந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். யானை எது, வீடு எது என்று ஆயாவுக்குப் புரியாது. ஆனாலும், “ரொம்ப லட்சணமா இருக்குது சாமி” என்பார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் இந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

நவம்பர் முதல் ஞாயிறு. ஆயா ஏழே முக்காலுக்கே முகம் கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டு, மகள் வயிற்றுப் பேரனின் போனுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். எட்டு ஆனது. எட்டேகால் ஆனது. போன் அடிக்கவில்லை. “உடம்பு கிடம்பு சரியில்லையோ?” என்று நாலு தடவை கேட்டார். எட்டரைக்கு மேல் கண் தாங்கவில்லை. படுத்துவிட்டார். ஒன்பது மணிக்குப் போன் வந்தது. எழுப்பி எழுப்பிப் பார்த்தும் ஆயா எழவில்லை.

மறுநாள் காலையில் விசாரணை.

“ஏன்டா கண்ணு, மாமா நேத்து போன் பண்ணலியா?”

“பண்ணாரு ஆயா. ஒம்போது மணிக்கு. அமெரிக்காவுல மணியை மாத்திட்டாங்களாம்.”

“மாத்திட்டாங்கன்னா?”

“வெயில் காலத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சிருந்தாங்க. இப்ப குளிர் வருதுல்ல, பழையபடி பின்னாடி தள்ளி வெச்சிட்டாங்க.”

“முன்னாடி எதுக்கு வெச்சாங்க?”

“வெளிச்சத்தை மிச்சம் பண்ண ஆயா. லைட் போட வேணாம்ல.”

“வெளிச்சம் இருந்தா வெளக்கைப் போடாம இருந்துட்டுப் போவட்டும். அதுக்குக் கடியாரத்தைப் போட்டு ஏன் உருட்டணும்?” என்ற ஆயா, கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார். “அந்த ஊர்ல மாடு இருக்குதா?”

“இருக்கு ஆயா.”

“அதுங்களுக்கு யாரு சொன்னாங்க?”

பேரனிடம் பதில் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நியூ ஜெர்சி மகனுக்கு எதுவுமே மாறவில்லை. ராத்திரி தூங்கும்போதே அவருடைய போன் தானாக மணியை மாற்றிக்கொண்டது. வழக்கம்போல ஞாயிறு காலை பத்தரைக்குத்தான் அவர் அழைத்தார். நகர்ந்தவருக்கு நகர்ந்தது தெரியவில்லை. இருந்த இடத்தில் இருந்தவருக்குத்தான் ஒரு மணி நேரம் காணாமல் போனது.

ஆயாவின் மாட்டுக் கேள்வி, அமெரிக்க விவசாயிகள் நூறு வருடத்துக்கு முன்பே கேட்ட கேள்வி. இந்த நேர மாற்றமே விவசாயிகளுக்காகக் கொண்டுவரப்பட்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை நேர்மாறானது. 1918-ல் அமெரிக்காவில் இது வந்தபோது கடுமையாக எதிர்த்தவர்கள் விவசாயிகள்தான். மாடு கடிகாரம் பார்த்துப் பால் சுரப்பதில்லை. பனி காயாமல் வைக்கோலைக் கட்ட முடியாது. ஆனால், ரயிலும் சந்தையும் புது மணிக்கு ஓடின. கடைசியில் 1919-ல், அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது. பிறகு எப்படியோ திரும்ப நுழைந்துவிட்டது.

அப்படியானால் இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? 1784-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸ் பத்திரிகை ஒன்றுக்கு நையாண்டியாக ஒரு கடிதம் எழுதினார். சூரியன் உதித்ததும் மணி அடியுங்கள், அதற்கும் எழாவிட்டால் பீரங்கி வெடியுங்கள், ஜன்னல் கதவைச் சாத்தி வைப்பவர்களுக்கு வரி போடுங்கள் என்றெல்லாம் யோசனை சொன்னார். அவர்கூட கடிகாரத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. 1895-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹட்சன்தான் மணியை இரண்டு மணி நேரம் தள்ளிவைக்க யோசனை சொன்னார். அவர் பூச்சி ஆராய்ச்சியாளர். வேலை முடிந்து வந்து பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும், அதுதான் காரணம். அடுத்து வந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் வில்லெட், வீடு கட்டும் தொழில் செய்தவர். விடிந்த பிறகும் ஜனங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்களே என்று அவருக்கு வருத்தம். சாயங்காலம் கோல்ஃப் ஆட்டம் இருட்டில் நின்றுபோகிறதே என்பது இன்னொரு வருத்தம். 1907-ல் துண்டுப் பிரசுரம் போட்டார். ஏப்ரல் மாதத்தின் நாலு ஞாயிறுகளில், ஞாயிறுக்கு 20 நிமிடமாக மணியை நகர்த்த வேண்டும் என்பது அவர் திட்டம். நல்லவேளை, அது நடக்கவில்லை.

அவர் 1915-ல் இறந்துபோனார். அடுத்த வருடமே, முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி இந்த முறையைக் கொண்டுவந்தது. சில வாரங்களில் பிரிட்டனும் பின்தொடர்ந்தது. லண்டனை ஒட்டிய பெட்ஸ் வுட் என்ற இடத்தில் வில்லெட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது ஒரு சூரியக் கடிகாரம். கோடை நேரத்தைக் காட்டும்படியே அதை அமைத்திருக்கிறார்கள். மனிதர்களைப் பொய் சொல்ல வைத்தது போதாதென்று, சூரியனின் நிழலையும் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்ல வைத்துவிட்டார்கள்.

‘நம் ஊர் தப்பித்தது’ என்று பெருமூச்சு விட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்கார அரசு இந்தியாவின் கடிகாரத்தையும் திருகியது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, மூன்று வருடத்துக்கும் மேலாக, நாடு முழுவதும் மணி ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த மூங்கில்துறைப்பட்டுக்கும் அதே சட்டம்தான். தை மாதத்தில் சூரியன் உதிக்கும்போது அரசாங்கக் கடிகாரத்தில் மணி ஏழரை தாண்டியிருக்கும். உச்சி வெயில் ஒன்றேகால் மணிக்கு. ரயிலடியும் தபாலாபீஸும் கோர்ட்டும் புது மணியைப் பார்த்தன. ஏர் ஓட்டுகிறவர் எப்போதும்போல கிழக்கு வெளுப்பதைப் பார்த்தார். கோர்ட்டில் வாய்தா இருந்த அன்றைக்குத்தான் அவருக்குத் திண்டாட்டம்.

அந்த மூன்று வருடத்தின் மிச்சம் இன்னும் ஜோசியர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. 1943-ல் பிறந்த ஒருவருடைய ஜாதகத்தைக் கையில் எடுத்தால், விவரம் தெரிந்த ஜோசியர் முதலில் கேட்பது, “இது ஆஸ்பத்திரிக் கடிகாரத்து நேரமா?” என்றுதான். ஆமாம் என்றால் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் பார்ப்பார். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறுகிறது. ஒரு மணி நேரப் பிசகில் ராசிக் கட்டமே புரண்டுவிடும். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், ‘கலெக்டர் ஆவாய் என்று எழுதிக் கொடுத்தார்களே, ஆகவில்லையே’ என்று இப்போதும் குறைப்பட்டுக்கொண்டிருந்தால், பழியைக் கிரகங்களின் மேல் போட வேண்டாம். போர்க்காலக் கடிகாரத்தின் மேல் போடலாம்.

இன்று அதே சிக்கல் அமெரிக்காவில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு. ராகு காலம் வேறு தனிக் கதை. பகல் பொழுதை எட்டாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்குதான் ராகு காலம். ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் நம் ஊர்க் கணக்குக்கு அது ஒன்றரை மணி நேரம். திங்கள் என்றால் ஏழரை முதல் ஒன்பது. நியூ ஜெர்சியில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். அங்கே ராகு காலம் இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். வெளிச்சத்தைச் சேமிக்கப் போன இடத்தில் ராகுவும் கூடவே சேமிப்புக் கணக்கு தொடங்கிவிட்டார்!

சரி, இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் பிரயோஜனப்படுமா? லண்டனில் ஜூன் மாதம் கடிகாரத்தை மாற்றாமல் விட்டால் சூரியன் விடியற்காலை 3.45 வாக்கிலேயே உதித்துவிடும். டிசம்பரிலோ காலை எட்டு மணிக்குத்தான் உதயம். நாலு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம். அவர்கள் தவிப்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டில்? ஜூன் தொடக்கத்தில் 5.50 வாக்கில் விடிகிறது. ஜனவரிக் கடைசியில் 6.40 வாக்கில். மொத்த வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குள். அதைச் சேமிக்க நாடு முழுக்கச் சட்டம் போடுவது, மூக்குப்பொடி டப்பாவுக்கு லாக்கர் எடுப்பது மாதிரி.

நம் முன்னோர் கணக்கில் இந்தப் பிரச்னையே இல்லை. சூரியன் உதித்ததில் இருந்து நாழிகையை எண்ணினார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. சூரியன் முன்னால் வந்தால் நாளும் முன்னால் தொடங்கும். பின்னால் வந்தால் பின்னால். கடிகாரத்தைத் திருக யாரும் தேவையில்லை. இப்போதைய நம் வழக்கமோ இன்னும் விசேஷம். ஒன்பது மணி பஸ் ஒன்பதேகாலுக்கு வரும். பத்து மணிக் கூட்டத்துக்குத் தலைவர் பன்னிரண்டுக்கு வருவார். மும்முனை கரன்ட் எப்போது வருகிறதோ அதுவே மோட்டார் கொட்டகைக்கு விடியல். இதில் அரசாங்கம் ஒரு மணி நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இந்தியா முழுவதற்கும் இந்தக் கேலி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கவுகாத்தியில் டிசம்பர் மாதம் மாலை நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதனால்தான் அசாம் தேயிலைத் தோட்டங்களில் காலங்காலமாக ‘பாகான் டைம்’ என்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்த தோட்டத்து நேரம் நடக்கிறது. அங்கே குறை, மணியை வருடம் இரண்டு முறை மாற்றாதது அல்ல. குஜராத்துக்கும் அசாமுக்கும் ஒரே மணியாக இருப்பது.

கடிகாரத்தில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று பக்கத்திலேயே பார்த்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். 1996-ல் கடும் மின்வெட்டு. மே 25 அன்று இலங்கை அரசு மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய மணியிலேயே இருந்தன. ஒரே தீவில் இரண்டு நேரம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தையும் மாற்ற வேண்டும். இருட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறதே என்று தெற்கில் இருந்த பெற்றோர்களும் நொந்துகொண்டார்கள். பத்து வருடம் கழித்து, 2006 ஏப்ரல் 15 அன்று பழைய மணிக்கே திரும்பினார்கள். இதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. நேரம் என்பது அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று காட்டும் விஷயமும்கூட.

இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்தார்களா? அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் முழுவதும் 2006-ல் இந்த முறைக்கு மாறியது. ஆராய்ந்து பார்த்தால், வீட்டு மின்செலவு சுமார் ஒரு சதவிகிதம் கூடியிருந்தது! விளக்குச் செலவு குறைந்தது. மாலை வெயிலில் வீட்டுக்கு வந்தவர்கள் ஏ.சி.யைப் போட்டுவிட்டார்கள். ‘வேண்டாம் இந்த வம்பு’ என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-ல் வாக்களித்தது. அமெரிக்க செனட் 2022-ல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இரண்டுமே அதற்கு மேல் நகரவில்லை. கடிகாரத்தை நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு ஃபைலை நகர்த்தத் தெரியவில்லை.

மூங்கில்துறைப்பட்டு ஆயாவுக்கு ஃபைல் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த வாரமும் போன் ஒன்பதுக்குத்தான் வரும், மார்ச் வரைக்கும் அப்படித்தான் என்று பேரன் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தார். நாலு மாதம் பேத்தியைப் பார்க்காமல் இருப்பதா?

“அங்க சாயங்காலம் எட்டு மணின்னா இங்க என்னா மணிடா?”

பேரன் போனைத் தட்டிப் பார்த்தான். “இப்ப காலையில ஆறரை ஆயா. வெயில் காலத்துல அஞ்சரை.”

“அஞ்சரைன்னா என்னா, ஆறரைன்னா என்னா? நான் நாலு மணிக்கே முழிச்சிக்கிட்டுத்தானே கெடக்கறேன்? சனிக்கிழமை ராத்திரி புள்ளையைத் தூங்க வெக்கறதுக்கு முன்னால பண்ணச் சொல்லு மாமாவை.”

அவ்வளவுதான். அங்கே சனி ராத்திரி, இங்கே ஞாயிறு விடியல். இப்போது பேத்தி படம் காட்டுவதில்லை. கொட்டகையில் கன்றுக்குட்டி துள்ளுவதை அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி மாறினாலும் மாறாவிட்டாலும் மாடு அங்கேயேதான் நிற்கிறது. மேலைநாட்டு நாடாளுமன்றங்கள் தீர்க்க முடியாததை, பால் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே ஆயா தீர்த்துவிட்டார்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மணி மாறும். நியூயார்க், நியூ ஜெர்சிக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிரில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகள். லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை. சிட்னி, மெல்போர்னில் அக்டோபர் முதல் ஞாயிறும் ஏப்ரல் முதல் ஞாயிறும். சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்காரர்களுக்கு இந்த வம்பே இல்லை.

வெளிநாட்டில் இருந்து படிப்பவராக இருந்தால் இன்னும் சுலபம். மணி மாறும் அந்த ஞாயிறு மட்டும், ஊருக்குப் போன் போடும் முன் அங்கே என்ன மணி என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முகம் கழுவிக்கொண்டு ஒருவர் முக்கால் மணி நேரமாகக் காத்திருக்கக்கூடும்.